சரிந்த மலையும் ஒரு சட்ட வேலியும்: ரோக்ஃபோர் கிராமம், ஒரு நிகழ்வு ஆய்வு

தென் பிரான்சின் அவெரோன் மாவட்டத்தில், மியோ நகரத்துக்குத் தென்மேற்கே, சுமார் 600 பேர் வாழும் ஓர் ஊர் இருக்கிறது. முழுப்பெயர் ரோக்ஃபோர்-சூர்-சூல்சோன். சூல்சோன் என்பது ஊருக்குக் கீழே ஓடும் சிற்றோடை. அது செர்னோன் ஆற்றில் கலக்க, செர்னோன் தார்ன் ஆற்றில் கலக்கிறது. வடக்குப் பார்த்த செங்குத்துப் பாறைக்கு அடியில் ஊர் ஒட்டிக்கொண்டிருப்பதால் குளிர்காலத்தில் வெயில் எட்டிப் பார்ப்பதே அரிது. உழுது விதைக்க நிலமும் கிடையாது. அப்படியிருந்தும் செம்மறிப் பாலில் செய்து, நீலப் பூசணம் படரவிட்ட ஒரு பாலாடைக்கட்டியால் இந்த ஊரின் பெயர் உலகமெங்கும் கடைகளில் உச்சரிக்கப்படுகிறது.

ஊரின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக ஓர் இடையனிடமிருந்துதான் தொடங்குவார்கள். ஒரு பெண்ணைக் கண்டதும் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் குகையில் வைத்துவிட்டு அவள் பின்னால் போனானாம். மாதங்கள் கழித்துத் திரும்பியபோது பூசணம் பிடித்த சீஸ் சுவையாக இருந்ததாம். சுற்றுலாப் பயணிகளுக்கு அது போதும். ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்பவர்களுக்குப் போதாது. ஏனென்றால் பூசணம் பிடித்த பாலாடைக்கட்டி ஐரோப்பாவில் பல இடங்களில் உண்டு. ரோக்ஃபோர் என்ற பெயரில் விற்கும் உரிமை இந்த ஓர் ஊருக்குத்தான் உண்டு. அந்த உரிமைக்கு ஒரு மலைச்சரிவும் அறுநூறு ஆண்டுக் காகிதங்களும் காரணம். காகிதங்களின் பங்கை எல்லோரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மலை

ஊருக்குப் பின்னால் நிற்கும் குன்றின் பெயர் கொம்பாலு. மேலே கெட்டியான சுண்ணாம்புக்கல், அடியில் சுண்ணாம்பு கலந்த களிமண். இந்த வட்டாரத்தில் எங்கும் இதே அடுக்குதான். மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் விரிசல்கள் வழியே இறங்கிக் களிமண்ணில் போய் நின்றுவிடும். நனைந்த களிமண் வழுக்கும். வரலாறு எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பே கொம்பாலுவின் வடக்குப் பக்கம் இப்படிப் பெயர்ந்து, கட்டங்கட்டமாகச் சரிந்தது. சரிந்த பாறைகள் ஏறக்குறைய 2 கி.மீ. நீளத்துக்கும் 300 மீட்டர் அகலத்துக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. ஊர் அந்தக் குவியலின் மேல்தான் இருக்கிறது.

குவிந்த பாறைகளுக்கு இடையே இடைவெளிகள் விழுந்தன. பெரியவை குகைகள் ஆயின. குகைகளிலிருந்து வெளியே வரை செல்லும் ஒடுக்கமான நீண்ட பிளவுகளை உள்ளூரில் ஃப்ளெரின் என்கிறார்கள். ஊரின் செல்வம் இந்தப் பிளவுகளில் நடமாடும் காற்று. கோடையில் குளிர்ந்த ஈரப்பாறையைத் தொட்டுக் கனத்த காற்று கீழே இறங்கி வெளியேறும். மாரியில் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பானது என்பதால் மேலெழும்பும். இரண்டு பருவத்திலும் மலை மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால் குகைகள் ஆண்டு முழுவதும் 8 முதல் 12 டிகிரி வெப்பத்திலும் 95 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்திலும் நிற்கின்றன. பிளவின் வாயில் ஒரு சிறிய கதவு பொருத்தியிருப்பார்கள். குகைத் தலைவர் காற்றின் ஈரத்தைக் கையால் உணர்ந்து அதைக் கொஞ்சம் திறப்பார், கொஞ்சம் சாத்துவார். குளிரூட்டும் இயந்திரங்கள் வந்த பிறகும் பழுக்கவைக்கும் குகையில் இந்தக் கதவுதான் அதிகாரி.

வெளியிலிருந்து பார்த்தால் தெருவோரம் சாதாரணக் கட்டடங்கள்தான் தெரியும். உள்ளே போனால் அவை பாறைக்குள் பல அடுக்குகள் கீழே இறங்குகின்றன. ஊரின் பாதி நிலத்துக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இதே வட்டாரக் களிமண்ணுக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. பக்கத்து ஊரான தூர்ன்மீரில் 19ஆம் நூற்றாண்டில் தோண்டிய பழைய ரயில் சுரங்கம் ஒன்று களிமண் பாறையை ஊடுருவிச் செல்கிறது. நீர் புகாத அந்தப் பாறை கதிரியக்கக் கழிவை எவ்வளவு காலம் அடைத்துவைக்கும் என்று ஆராயும் ஆய்வுக்கூடமாகப் பிரெஞ்சு அணுப் பாதுகாப்பு நிறுவனம் அதை மாற்றிக்கொண்டது. ஒரே மண்ணின் குணம் ஓர் ஊருக்குப் பாலாடைக்கட்டியையும் அடுத்த ஊருக்கு அணுக்கழிவு ஆய்வையும் கொடுத்திருக்கிறது.

ஆடு

குகை பழுக்கவைக்கும், பால் வேறெங்கிருந்தோ வரவேண்டும். அது வருவது கோஸ் எனப்படும் சுண்ணாம்பு மேட்டுநிலங்களிலிருந்து. அவற்றில் பெரியது லார்சாக். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரம், மெலிந்த மண், குட்டைப் புல், காற்று. ஆறு கிடையாது, ஓடை கிடையாது. பெய்த மழையெல்லாம் பாறைக்குள் போய்விடும். ஆகவே மேய்ப்பர்கள் தரையில் வட்டமாகப் பள்ளம் தோண்டி, கல் பாவி, மழைநீரைத் தேக்கினார்கள். லவோஞ் என்று பெயர் கொண்ட இந்தக் குட்டைகள் இன்றும் இருக்கின்றன. மாடு வளர்க்க இது இடமல்ல. லகோன் இனச் செம்மறி வளரும். ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு இன்று அந்த இனத்தின் பச்சைப் பால் மட்டுமே அனுமதி. காய்ச்சக்கூடாது, கொழுப்பை எடுக்கக்கூடாது.

மேட்டுநிலத்தை ஒழுங்காக மேய்ச்சலுக்குக் கொண்டுவந்தவர்களில் 12ஆம் நூற்றாண்டின் டெம்ப்ளர் படைத்துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சேன்-யூலலி, லா கூவெர்த்துவாராத் ஆகிய ஊர்களில் அவர்களுடைய கட்டடங்கள் நிற்கின்றன. சிலுவைப் போருக்கான செலவில் ஒரு பங்கு இந்த ஆடுகளின் முதுகில் ஏறியது. 2011இல் கோஸ், செவென் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது காரணமாகச் சொன்னது அரண்மனைகளையோ தேவாலயங்களையோ அல்ல. மேய்ச்சல் உருவாக்கிய நிலத்தோற்றத்தை.

பால் வேண்டுமென்றால் குட்டி தாயிடம் ஊட்டக்கூடாது. பிறந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் குட்டிகளைப் பிரித்துவிடுவார்கள். அப்படிப் பிரித்த இளங்குட்டிகளின் தோல் மெல்லியது, மிருதுவானது. 20 கி.மீ. தள்ளி இருக்கும் மியோ நகரம் அந்தத் தோலில் கையுறை தைத்துப் பிரான்சின் கையுறைத் தலைநகரம் ஆனது. பாரிஸ் சீமாட்டியின் கையுறையும் அவள் மேசையில் இருந்த சீஸும் ஒரே ஆட்டுப்பட்டியிலிருந்து புறப்பட்டவை என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பூசணமும் பெண்களும்

பாலை உறையவைத்து, வெட்டி, வடித்து, அச்சில் வார்த்தால் 2.5 முதல் 3 கிலோ வரை எடையுள்ள வட்டு கிடைக்கும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ நாலரை லிட்டர் பால் செலவாகும். இதற்குள் தூவ வேண்டியது பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி என்ற பூசணம். பழைய முறையில் அதை ரொட்டியில் வளர்த்தார்கள். ரை மாவு கலந்த பெரிய ரொட்டிகளை வெளிப்புறம் கருகும் அளவுக்குக் கடுஞ்சூட்டில் சுட்டுக் குகையில் அடுக்குவார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் உள்ளிருக்கும் மெத்தென்ற பகுதியை எல்லாம் பூசணம் தின்று நீலப்பச்சையாக்கிவிடும். உடைத்து, காயவைத்து, சலித்தால் மெல்லிய பொடி. இன்று பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பூசணத்தையே பயன்படுத்துகிறார்கள். பப்பியோன் நிறுவனம் ரொட்டி சுடுவதை விடவில்லை.

உப்புத் தேய்த்த வட்டை நீண்ட ஊசிகளால் குத்துவார்கள். பூசணத்துக்குக் காற்று வேண்டும்; துளை வழியே உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறிக் காற்று நுழையும். குறுக்கே வெட்டிய துண்டில் நீலநரம்பு சில இடங்களில் நேர்கோடாக ஓடுவதைக் காணலாம். அது ஊசி போன தடம். குறைந்தது 14 நாள் குகைக் காற்றில் மூடாமல் இருக்க வேண்டும். பிறகு ஈயத்தாளில் சுற்றிக் குளிர் அறைக்குக் கொண்டுபோவார்கள். செய்த நாளிலிருந்து 90 நாள் ஆகாமல் விற்கக்கூடாது.

குகை வேலை முழுவதையும் நெடுங்காலம் தாங்கியவர்கள் பெண்கள். கபானியேர் என்று அவர்களுக்குப் பெயர். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து, கம்பளி ஆடையும் மரக்காலணியும் அணிந்து, விளக்கு வெளிச்சத்தில் உப்புத் தேய்ப்பார்கள், வட்டுகளைத் திருப்பி வைப்பார்கள், மேற்பரப்பில் படியும் பிசுபிசுப்பைக் கத்தியால் சுரண்டுவார்கள். சுரண்டிய அந்த வழிசலையும் வீணாக்கவில்லை. ரெபார்ப் என்ற பெயரில் காரமான ரொட்டித் தடவலாக ஏழை வீடுகளுக்குப் போனது. நாள் முழுவதும் பத்து டிகிரிக் குளிரில் ஈரக்கையோடு நின்றவர்கள் இவர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தமும் செய்தார்கள். ஊரின் விளம்பரப் படங்களில் மரக்காலணிப் பெண்ணைப் பார்க்கலாம். வேலைநிறுத்தத்தைப் பார்க்க முடியாது. இடையன் கதையைவிட இவர்கள் கதைதான் ஊரின் உண்மையான தொடக்கக் கதை என்பேன்.

காகிதங்கள்

ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் இயற்கை வரலாற்றில் இந்த வட்டாரத்து மலைகளிலிருந்து நீம் நகரம் வழியாக ரோமுக்கு வந்த பாலாடைக்கட்டியைப் புகழ்ந்திருக்கிறார். அது ரோக்ஃபோர்தான் என்று பலர் எழுதுகிறார்கள். பிளினி இந்த ஊரின் பெயரைச் சொல்லவில்லை, ஆகவே விட்டுவிடலாம். 11ஆம் நூற்றாண்டில் கோங்க் மடத்தின் தானப் பத்திரங்களில் ரோக்ஃபோர் குகையும் அங்கிருந்து வரவேண்டிய சீஸும் இடம்பெறுகின்றன. கையில் பிடிக்கக்கூடிய வரலாறு அங்கே தொடங்குகிறது.

1411இல் அரசர் ஆறாம் சார்லஸ், பாலாடைக்கட்டியைக் குகையில் பழுக்கவைக்கும் தனியுரிமையை ரோக்ஃபோர் மக்களுக்கு உறுதி செய்தார். பால் யாரும் கறக்கலாம், வட்டு யாரும் செய்யலாம், பழுக்கவைப்பது இங்கேதான். அறுநூறு ஆண்டுகளாக ஊரின் பிழைப்பு இந்த ஒரே பிரிவில் தொங்குகிறது. 1666இல் துலூஸ் உயர் நீதிமன்றம் போலிச் சரக்கைத் தடுத்து ஆணை பிறப்பித்தது. சுற்றுவட்டார வியாபாரிகள் தங்கள் சரக்குக்கு ரோக்ஃபோர் பெயரைச் சூட்டியதுதான் காரணம். போலி வந்துவிட்டது என்றால் பெயருக்கு விலை வந்துவிட்டது என்று பொருள்.

1870களில் ரயில் வந்ததும் சந்தை விரிந்தது. உள்ளூர்ப் பால் போதவில்லை. கோர்சிகா தீவிலும் பிரெனே மலையிலும் பால்பண்ணைகளை அமைத்து, அங்கே வார்த்த வெள்ளை வட்டுகளைக் கப்பலிலும் ரயிலிலும் கொண்டுவந்து கொம்பாலு குகையில் பழுக்கவைத்தார்கள். பால் எங்கிருந்து வந்தாலும் குகை இங்கே இருந்தால் போதும் என்பதுதான் அன்றைய நியாயம். பிற்காலத்தில் பால் எல்லையும் சுருங்கியது. இன்று அவெரோனும் அதை ஒட்டிய சில மாவட்டங்களின் பகுதிகளும் மட்டுமே.

1925 ஜூலை 26ஆம் நாள் பிரெஞ்சு நாடாளுமன்றம் ரோக்ஃபோருக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஒரு பாலாடைக்கட்டிக்கு ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது அதுவே முதல் முறை. நாம் இன்று புவிசார் குறியீடு என்று சொல்வதன் மூதாதைகளில் ஒன்று. 1951இல் ஸ்திரேசா ஒப்பந்தம் இதை ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்கு விரித்தது. 1961இல் மியோ நீதிமன்றம் இன்னும் நெருங்கி வந்தது: இந்த முறையைத் தென் பிரான்சில் எவரும் கையாளலாம், ஆனால் கொம்பாலுவின் இயற்கைக் குகையில் பழுத்ததற்கு மட்டுமே இந்தப் பெயர். அதாவது ஒரு நிலச்சரிவின் எல்லையையே சட்டத்தின் எல்லையாக நீதிமன்றம் வரைந்துவிட்டது.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது அமெரிக்க வழக்கு. 1953இல் அந்த நாட்டில் ரோக்ஃபோர் என்ற சான்றுக்குறியைப் பதிவு செய்தது எந்தக் கம்பெனியும் அல்ல, கிராம நகராட்சி. ஹங்கேரியிலும் இத்தாலியிலும் செய்த செம்மறிச் சீஸை ரோக்ஃபோர் என்று விற்ற நியூயார்க் இறக்குமதியாளர் ஒருவர்மீது சில நூறு குடும்பங்கள் கொண்ட அந்தக் கிராமம் வழக்குத் தொடுத்தது. 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றது.

சண்டைகள்

1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே, லார்சாக் ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக அறிவித்தார். பாதிக்கப்படவிருந்தவர்கள் பெரும்பாலும் ரோக்ஃபோருக்குப் பால் ஊற்றும் விவசாயிகள். 1972 மார்ச்சில் 103 பேர் நிலத்தை விற்கமாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். அதே காலத்தில் லான்சா தெல் வாஸ்தோ, லார்சாக்கில் உள்ள லா கவல்ரி ஊரில் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். இத்தாலியில் பிறந்த இவர் 1930களில் வார்தா சென்று காந்தியுடன் தங்கியவர்; காந்தி இவருக்குச் சாந்திதாஸ் என்று பெயரிட்டார். தேவாலயத்துக்குப் போய்வரும் பழமைவாத மேய்ப்பர்கள் அகிம்சைப் போராட்டத்தைக் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இவரிடமிருந்துதான். அந்த அக்டோபரில் ஈஃபெல் கோபுரத்தின் அடியில் ஆடுகளை மேயவிட்டார்கள். 1981இல் மித்தரான் அதிபரானதும் திட்டத்தைக் கைவிட்டார்.

அந்தப் போராட்டத்துக்கு வந்து, அங்கேயே ஆடு வளர்க்கத் தங்கிவிட்டவர் ஜோசே போவே. 1999இல் ஹார்மோன் ஏற்றிய மாட்டிறைச்சியை ஐரோப்பா தடுத்ததற்குப் பதிலடியாக அமெரிக்கா சில ஐரோப்பியப் பொருள்களுக்கு 100 விழுக்காடு வரி விதித்தது. பட்டியலில் ரோக்ஃபோரும் இருந்தது. மாட்டிறைச்சிக்கும் செம்மறி மேய்ப்பருக்கும் என்ன தொடர்பு? எதுவும் இல்லை, பெயர் பிரபலம், அதனால் அடி விழுந்தது. ஆகஸ்ட் 12ஆம் நாள் போவேயும் தோழர்களும் மியோவில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் உணவகத்தைக் கழற்றிப் போட்டார்கள். அவர் சிறை சென்றார். மறு ஆண்டு விசாரணைக்குப் பல்லாயிரக்கணக்கானோர் மியோவில் திரண்டார்கள். 2009 ஜனவரியில் பதவி முடியும் தறுவாயில் இருந்த புஷ் அரசு வரியை 300 விழுக்காடாக உயர்த்துவதாக அறிவித்தது. மே மாதம் உடன்பாடு ஏற்பட்டதால் அது நடைமுறைக்கு வரவில்லை.

இன்றைய கணக்கு

இதுவரை சொன்னதைக் கேட்டால் சட்டம் ஊரைக் காத்துவிட்டது என்று தோன்றும். பெயரைக் காத்தது. பூசணத்தையும் ஓரளவு காத்தது: 2020இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றின்படி, உலகின் மற்ற நீலச் சீஸ்களில் பயன்படும் பெனிசிலியம் ஏறக்குறைய ஒரே வார்ப்பாகக் குறுகிவிட்டது, ரோக்ஃபோர் சார்ந்த கூட்டத்தில் பன்மை கூடுதலாக எஞ்சியிருக்கிறது. உள்ளூர்ப் பூசண வித்துகளையே பயன்படுத்தும் கட்டுப்பாட்டின் விளைவாக இது இருக்கலாம்.

லாபத்தைச் சட்டம் ஊரோடு கட்டிப்போடவில்லை. குகை நகராது, குகையின் உரிமை நகரும். உற்பத்தியாளர்கள் ஏழு பேர். பெரும்பங்கு சொசியெத்தே என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதை 1990களின் தொடக்கத்தில் பெஸ்னியே குழுமம், இன்றைய லாக்தாலிஸ், வாங்கிவிட்டது. அதன் தலைமையகம் நாட்டின் மறுகோடியில் லவால் நகரத்தில் இருக்கிறது. வேலைக்கு வருபவர்கள் காரில் வந்து காரில் திரும்புகிறார்கள். நிழலில் கிடக்கும் ஊரில் குடியிருக்க ஆள் குறைந்துகொண்டே போகிறது.

பாலிலும் சிக்கல் உண்டு. வட்டாரத்தில் கறக்கும் செம்மறிப் பாலில் பெரும் பகுதி இப்போது ரோக்ஃபோர் ஆவதில்லை. மிஞ்சும் பாலைக் கொண்டு இங்குள்ள தொழிற்சாலைகள் ஃபெட்டா என்ற வெள்ளைச் சீஸ் செய்து விற்றன. கிரேக்கம் அந்தப் பெயரைத் தனக்கு மட்டும் கேட்டபோது டென்மார்க், ஜெர்மனியோடு சேர்ந்து பிரான்சும் எதிர்த்து நின்றது. ஃபெட்டா என்பது பொதுப்பெயர் என்று வாதாடியது. பெயர் இடத்துக்கே உரியது என்று 1961இல் மியோவில் வென்ற அதே வாதம் 2005இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கிரேக்கத்துக்காக வென்றது. அவெரோனில் செய்யும் வெள்ளைச் சீஸிலிருந்து ஃபெட்டா என்ற சொல்லை எடுக்க வேண்டியதாயிற்று.

2019இல் சொசியெத்தே ஒரு புதிய சரக்கை இறக்கியது: வெப்பப்படுத்திய செம்மறிப் பாலில் செய்த நீலச் சீஸ், விலை குறைவு, சுவை மென்மை. ரோக்ஃபோர் என்ற சொல் உறையில் இல்லை. பாதுகாக்கப்பட்ட அந்தச் சீஸின் உறையை நினைவூட்டும் தோற்றம் இருந்தது. போவே உட்படப் பலர் கண்டித்தார்கள். 1666இன் ஆணை வெளியூர்ப் போலிகளுக்கு எதிரானது. இங்கே சந்தையைக் குழப்புவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் குகைகளில் பெரும்பாலானவற்றை வைத்திருப்பவர். மேய்ப்பர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவும் இல்லை. ரோக்ஃபோர் விற்பனை சரியும் நாளில் தங்கள் பாலை வேறு எதற்காவது எடுத்துக்கொண்டால் போதும் என்பவர்களும் அவர்களில் உண்டு. பெயரைத் தொடாமல் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் உரிமையாளரைத் தடுக்க 1925 சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை.